குருவிச் சத்தமும் ஒரு பழைய கேள்வியும்

நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் கதிரியக்க வைத்திய நிபுணரான நம் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



விழாக் குழுவினர் முதலில் எனக்குத் தந்த தலைப்பு "நீரிழிவும் உணவுக் கட்டுப்பாடும்". நல்ல தலைப்புத்தான். ஆனால் பகல் சாப்பாட்டில் வட்டிலப்பம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைச் சாப்பிட வந்திருப்பவர்களிடம் அந்தப் பேச்சைப் பேசினால் அடுத்த நூற்றாண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிடமாட்டீர்கள். ஆகவே தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மண்டபத்தில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

1997ஆம் ஆண்டு. அப்போது உயர்தர விஞ்ஞானப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். ஆய்வுகூடச் சுவரில் ஓர் ஆவர்த்தன அட்டவணை தொங்கியது. மழைக்காலத்தில் கூரை ஒழுகி அதன் வலது மூலை பழுப்பேறி இருந்தது. அட்டவணைக்குக் கீழே, வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளைகளைப்போல இரண்டு வரிசை தனியாக நின்றது. நான் எழுந்து, "டீச்சர், இந்த இரண்டு வரிசையும் ஏன் வெளியே நிற்கிறது?" என்று கேட்டேன். டீச்சர் சிறிது யோசித்தார். "தாளில் இடம் பற்றாது என்று கீழே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினைந்தும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன, அவற்றால் என்ன பிரயோசனம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பரீட்சைக்கு வராது. நீ எங்கேயாவது படித்தால் வந்து சொல்லு" என்றார்.

டீச்சர் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவருக்கு இது ஞாபகம் இல்லையாம், காலையில் கேட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் சொன்ன பெரியவர்களை அந்த வயதில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் கேள்வி இருபது வருடங்களுக்கு மேல் என்னிடம் சும்மா கிடந்தது. மருத்துவப் படிப்பில் அதற்கு இடம் இல்லை. திரும்ப எழுப்பியவர் ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா. தீராத இடுப்பு வலி என்று மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றியாயிற்று. தாலியைக் கழற்றுவதற்குத்தான் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. அறைக்குள் வந்ததும் அவர் நின்றுவிட்டார். "டாக்டரம்மா, உள்ளுக்குக் குருவி கத்துதே? கூடு கட்டிருக்கா?"

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். படம் எடுக்கும்போது வரும் பெரிய தடதடச் சத்தம் வேறு. அதற்கு முன்பும் பின்பும், நடுச்சாமத்தில் யாரும் இல்லாதபோதும், செக்கனுக்கு ஒருமுறை அளவில் 'கீச்... கீச்...' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பல வருடங்களாக அதன் பக்கத்தில் வேலை செய்தும் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த அம்மாவிடம், "அது குளிரூட்டும் இயந்திரம், பயப்படாதீங்க" என்றேன். பிறகு அது எதைக் குளிரூட்டுகிறது, எப்படி என்று எனக்கே சரியாகத் தெரியாதது உறைத்தது. அடுத்த முறை பராமரிப்புக்கு வந்த பொறியியலாளரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தில் இரண்டு பெயர்கள் வந்தன: எர்பியம், ஒல்மியம். இரண்டும் நம் ஆய்வுகூடச் சுவரில் வெளியே நின்ற பிள்ளைகள்!

அந்த இயந்திரத்தின் உள்ளே இருப்பது காந்தம். வழக்கமான ஒன்றின் வலிமை 1.5 டெஸ்லா. நம் தலைக்கு மேல் எப்போதும் இருக்கும் பூமியின் காந்தப் புலத்தைவிட முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கு மேல். இவ்வளவு வலிமை வேண்டுமானால் கம்பிச் சுருளில் பெரும் மின்னோட்டம் ஓட வேண்டும். சாதாரணச் செப்புக் கம்பி அந்த ஓட்டத்தில் சூடேறி உருகிவிடும். நயோபியமும் தைத்தேனியமும் சேர்ந்த கம்பியைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் 4.2 கெல்வின் வெப்பநிலையில், அதாவது மறை 269 பாகை செல்சியஸில் வைத்தால் அதற்கு மின்தடையே இல்லாமல் போகிறது. ஒருமுறை ஓடவிட்ட மின்னோட்டம் வருடக்கணக்கில் ஓடும். அந்தக் குளிரைத் தருவது திரவ ஈலியம். ஆயிரம் லீற்றருக்கு மேல் ஈலியம் நிரப்பிய தொட்டிக்குள் அந்தச் சுருள் மூழ்கிக் கிடக்கிறது.

முன்பெல்லாம் அந்த ஈலியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து வெளியே போய்விடும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வாங்கி ஊற்ற வேண்டும். பிறகு, கொதித்த ஈலியத்தை உள்ளேயே திரும்பக் குளிர்வித்துத் திரவமாக்கும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அந்தக் கீச்சுச் சத்தம் அதனுடையது. இதைச் செய்யப் பல காலம் தடையாக இருந்த சங்கதிதான் என் பேச்சின் விஷயம்.

நுவரெலியாவில் தை மாத விடியற்காலையில் கம்பளிச் சால்வையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடந்திருப்பீர்கள். வெளியே விடும் மூச்சின் சூடு கம்பளியில் தங்குகிறது. உள்ளே இழுக்கும் குளிர்காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு வருகிறது. சூட்டை ஒரு கணம் வாங்கி வைத்து மறுகணம் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் கம்பளி செய்கிறது. அந்தக் குளிரூட்டியின் இதயமும் இப்படி ஒரு 'கம்பளி'தான். ஈலிய வாயு அதற்குள்ளால் முன்னும் பின்னும் போய் வருகிறது. கம்பளிக்குப் பதில் சின்னஞ்சிறு உலோக உருண்டைகள் அடைத்த குழாய்.

நெடுங்காலம் அந்த உருண்டைகள் ஈயத்தால் செய்யப்பட்டன. பொருள் எதுவானாலும், அதன் அணுக்களின் நடுக்கத்தில்தான் பெரும்பாலும் வெப்பம் தங்குகிறது. தனிப்பூச்சியத்தை நெருங்க நெருங்க அந்த நடுக்கம் அடங்கிப்போகிறது. 10 கெல்வினுக்குக் கீழே வந்ததும் ஈயத்தால் வெப்பத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை. கம்பளி மஸ்லின் துணியானமாதிரி. ஈலியமோ 4.2 கெல்வினில்தான் திரவமாகும். போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிடுகிறது.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் யப்பானின் தோஷிபா நிறுவன ஆய்வாளர்கள் ஈயத்துக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டார்கள். மூன்று எர்பியம் அணுவுக்கு ஒரு நிக்கல் அணு என்ற கணக்கில் சேர்ந்த ஓர் உலோகச் சேர்வை. வண்டி 4.2ஐத் தாண்டி இறங்கியது. பின்னர் ஓர் ஒல்மியத்துக்கு இரண்டு செப்பு என்ற சேர்வையும் வந்தது. அவற்றால் முடிந்தது ஏன் ஈயத்தால் முடியவில்லை? டீச்சர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் ஆரம்பமாகிறது.

இலந்தனத்திலிருந்து லுற்றீசியம் வரை, 57ஆம் எண்ணிலிருந்து 71ஆம் எண் வரை உள்ள மூலகங்களை அருமண் மூலகங்கள் என்கிறோம். 'அரு' என்பது பழைய தப்பபிப்பிராயம். இவற்றில் சில பூமியில் ஈயத்தைவிட அதிகம் இருக்கின்றன. பிரித்தெடுப்பதுதான் அரிது. 1794இல் பின்லாந்தின் கடோலின் சுவீடன் நாட்டுக் கல்லொன்றில் இவற்றின் முதல் அடையாளத்தைக் கண்டார். லுற்றீசியம் பிரிந்து வந்தது 1907இல். நூறு வருடத்துக்கு மேல் ஏன் பிடித்தது? வரிசையில் அடுத்த மூலகத்துக்குப் போகும்போது சேரும் புதிய இலத்திரன், வெளித்திண்ணைக்கு வராமல் உள்ளே இருக்கும் நான்காம் மட்டத்து எஃப் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த அறையில் 14 பேருக்கு இடம் உண்டு. அதைச் சுற்றி ஐந்தாம் மட்டத்து இலத்திரன்கள் சுவர்போல் நிற்கின்றன. வெளியுலகோடு பேச்சுவார்த்தை நடத்துவது திண்ணையில் இருக்கும் மூன்று இலத்திரன்கள்தான். அந்தத் திண்ணை எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. இரசாயனவியல் திண்ணையைத்தான் பார்க்கும், ஆகவே பதினைந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இது பதில்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஒவ்வோர் இலத்திரனும் ஒரு குட்டிக் காந்தம். நம் பாடநூல் அதைக் 'கறங்கல்' என்றது. இரண்டு இலத்திரன்கள் சோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தம் மற்றதை அழித்துவிடும். பெரும்பாலான பொருள்களில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும்போது எல்லா இலத்திரனும் சோடி சேர்ந்து காந்தம் மறைந்துபோகிறது. இரும்பு ஒரு விதிவிலக்கு. ஆனால் இரும்பின் காந்த இலத்திரன்களும் வெளிப்பக்கமாக இருப்பவை. உலோகத்தில் பக்கத்து அணுக்களோடு கலந்து பாதியைத் தொலைத்துவிடுகின்றன. அருமண் மூலகத்தின் எஃப் இலத்திரன்கள் பிணைப்பில் பங்கெடுப்பதில்லை. அந்த அணுவை நிக்கலோடு சேர்த்தாலும், செப்போடு சேர்த்தாலும், இரும்போடு சேர்த்தாலும் உள்ளே இருக்கும் காந்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கடோலினியத்தில் சோடி சேராமல் ஏழு இலத்திரன்கள். ஒல்மியத்திலும் டிஸ்புரோசியத்திலும் சோடி சேராதவை அதைவிடக் குறைவு. ஆனால் அவை கருவைச் சுற்றி வருவதால் உண்டாகும் காந்தமும் சேர்ந்துகொள்வதால், மொத்தத்தில் அந்த இரண்டும்தான் பெரிய காந்த அணுக்கள்.

உள்ளறையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிவார்கள்? ஓர் அணுவின் எஃப் அறை பக்கத்து அணுவின் எஃப் அறையைத் தொடுவதே இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படாது. லயத்தில் முதல் காம்பராவில் இருக்கும் பாட்டியும் கடைசிக் காம்பராவில் இருக்கும் பாட்டியும் மாதக்கணக்கில் முகம் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒருவருக்குக் கோபம் என்றால் மற்றவருக்கு அன்று மாலையே தெரியும். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் செய்தியைக் கொண்டுபோய்விடுவார்கள். உலோகத்தில் அந்தப் பீலிக்கரைப் பெண்கள், திண்ணை இலத்திரன்கள்தான். அவை எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுவதும் திரிகின்றன. ஓர் அணுவின் காந்தத்தை உரசிப் போகும்போது அதன் திசையைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு அடுத்த அணுவுக்குக் கொண்டுபோகின்றன. 1954க்கும் 1957க்கும் இடையில் ருடர்மன், கிற்றெல், கசுயா, யோசிடா என்ற நால்வர் இந்தக் கணக்கைப் போட்டார்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. செய்தி போகும் தூரத்தைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிவிடும். ஒரு தூரத்தில் "என்னோடு ஒரே பக்கம் பார்" என்று போய்ச் சேருவது, இன்னும் கொஞ்சம் தள்ளி "எனக்கு எதிர்ப்பக்கம் பார்" என்று போய்ச் சேருகிறது. இன்னும் தள்ளினால் மறுபடியும் "ஒரே பக்கம்". லயத்துச் செய்தியும் இப்படித்தான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதனால் வரும் பலன் பெரியது. எந்த உலோகத்தோடு சேர்க்கிறோம், எந்த விகிதத்தில் சேர்க்கிறோம் என்பதை மாற்றினால் அணுக்களின் தூரமும் திரியும் இலத்திரன்களின் தொகையும் மாறும். அப்போது அந்த உள்ளறைக் காந்தங்கள் எந்த வெப்பநிலையில் ஒழுங்காக அணிவகுக்கும் என்பதும் மாறும். காந்தம் எஃப் அறையிலிருந்து வருகிறது, அது கலையும் வெப்பநிலையைக் கூட்டாளி உலோகம் தீர்மானிக்கிறது.

கடோலினியத்தைத் தனி உலோகமாக எடுத்தால் அந்த வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். 1935இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். இதை வாசித்த அன்று நான் தனியே இருந்து சிரித்தேன். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு, கொழும்பு 27ஐத் தாண்டும். ஒரே கடோலினியத் துண்டு நுவரெலியாவில் இரும்பைப்போலக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், கொழும்புக்குப் போனால் பிடி தளர்ந்து விழுந்துவிடும். கொழும்பில் விடுதி வாழ்க்கையை ஆரம்பித்த முதல் மாதம் எனக்கும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.

எர்பியம் நிக்கல் சேர்வையில் அந்த வெப்பநிலை 8 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. அதற்குக் கீழே காந்தங்கள் அணிவகுத்து நிற்கும். கொஞ்சம் சூடு வந்தால் அணி குலையத் தொடங்கும். அணி குலைவதற்கே அந்தச் சூடு செலவாகிவிடுகிறது. ஐஸ் உருகும்போது சூடு உருகுவதற்கே போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் மறுபடி அணிவகுத்து அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஈயத்தின் நடுக்கம் அடங்கிப்போன அதே இடத்தில், வெப்பத்தை வாங்கி வைக்க எர்பியத்திடம் இந்த இரண்டாவது பெட்டி இருக்கிறது. ஈலியம் திரவமாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பெட்டி திறந்து மூடுவது தற்செயல் அல்ல. கூட்டாளியையும் விகிதத்தையும் மாற்றி மாற்றித் தேடி எடுத்தார்கள். ஒவ்வொரு கீச்சுக்கும் கோடிக்கணக்கான எர்பியக் காந்தங்கள் கலைந்து கூடுகின்றன. அந்த அம்மா கேட்டது அதைத்தான்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் போனாலும் எம்.ஆர்.ஐ. காந்தம் அணையாது, ஆனால் அந்தக் குருவி வாயை மூடிவிடும். குருவி கத்தாத ஒவ்வொரு மணி நேரமும் ஈலியம் கொதிக்கிறது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் வேண்டும், டீசல் வரிசையில் அம்புலன்சும் நின்ற காலம். நான் அப்போது வேலை செய்த இடத்தில் ஈலிய அளவுமானியின் எண்ணைக் காலையும் மாலையும் ஒரு கொப்பியில் எழுதினோம். அது கீழே போனால் வாங்கி ஊற்ற டொலர் இல்லை. இரவில் விடுதியிலிருந்து போய் அந்த அறைக் கதவில் காதை வைத்துக் கேட்ட நாட்கள் உண்டு. மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கீச்சுச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வந்தது.

இந்த மூலகங்கள் வரும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மொனசைற் என்ற மண் இதற்கு ஒரு முக்கிய மூலம். தமிழ்நாட்டில் கன்னியாகுமரிக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இல் ஷொம்பர்க் என்ற ஜெர்மானியர் அதை அடையாளம் கண்டார். கயிற்றில் ஒட்டி வந்த மணலே அவரை அங்கே கொண்டுவந்தது. நம் நாட்டில் பேருவளைக் கரையிலும் புல்மோட்டை மணலிலும் மொனசைற் உண்டு. அன்று எல்லாரும் தேடியது அதிலுள்ள தோரியத்தை. கோயில் திருவிழாவிலும் காமன் கூத்து இரவிலும் நம் தோட்டங்களில் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மெண்டலில் இருந்தது தோரியமும், சிறிது சீரியம் என்ற அருமண்ணும். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் லக்சபானவில் 1950இலேயே மின்சாரம் பிறந்தது, பக்கத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல வருடம் குப்பி விளக்கு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெண்டலைக் கண்டுபிடித்த அவுஸ்திரிய நாட்டவர் அவுவர் வொன் வெல்ஸ்பாக்தான் 1885இல் நியோடிமியத்தைப் பிரித்தவரும். மிஞ்சிய அருமண் குப்பையை இரும்போடு சேர்த்தபோது தீப்பொறி பறந்தது. சிகரெட் லைட்டர் கல் இன்றைக்கும் அதுதான்.

அதே காலத்தில் இங்கே ஒருவர் மலையேறிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆனந்த குமாரசுவாமி. நாம் அவரைச் சிவ நடனத்துக்காகவும் சிற்பத்துக்காகவும் அறிவோம். 1903இலிருந்து 1906 வரை அவர் இலங்கைக் கனிய ஆய்வின் முதல் பணிப்பாளர். பலாங்கொடைப் பக்கம் இரத்தினக்கல் கழுவும் மண்ணில் கிடைத்த பாரமான கறுப்புக் கனசதுரங்கள் 1904இல் தோரியனைற் என்ற புதிய கனியமாக அறியப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. பெரும்பாலும் தோரியம், கொஞ்சம் அருமண். இலண்டனில் அதைச் சூடாக்கியபோது ஏராளமாக ஈலியம் வந்தது. தோரியம் சிதையும்போது பிறக்கும் ஈலியம் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. 1908 யூலை 10ஆம் திகதி நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஒன்னெஸ் முதன்முதலாக ஈலியத்தைத் திரவமாக்கினார். அந்த ஈலியத்தை அவர் மொனசைற் மணலிலிருந்துதான் எடுத்தார். என் இயந்திரத்தில் இருக்கும் திரவமும் அதைக் காக்கும் உருண்டையும் ஒரு காலத்தில் ஒரே மண்ணில் ஒன்றாகக் கிடந்த பொருள்கள்.

இனி, உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட அருமண் சேர்வை. பின்வரிசையும் கேட்கட்டும்.

எர்பியத்துக்கு நிக்கல் கூட்டாளியானபோது காந்தம் கடுங்குளிரில் மட்டும் அணிவகுத்தது. கூட்டாளி இரும்போ கோபாற்றோ ஆனால் கதை வேறு. அவை தாமே பலமான காந்தம், ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், வெப்பத்துக்கு எளிதில் கலையா. ஆனால் திசை மாறிவிடும் பலவீனம் அவற்றுக்கு உண்டு. அருமண்ணின் எஃப் இலத்திரன் மண்டலம் உருண்டையாக இராமல் சப்பையாகவோ நீண்டோ இருப்பதால் பளிங்குக்குள் ஒரே திசையில்தான் வசதியாக அமரும். அது இரும்பையும் அந்தத் திசையில் பிடித்து நிறுத்துகிறது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஸ்ற்றனற் சமேரியம் கோபாற்றுக் காந்தத்தைச் செய்தார். 1983இல் யப்பானில் சகவாவும் அமெரிக்காவில் குறோற்றும் தனித்தனியே இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரன் என்ற சேர்வையை அறிவித்தார்கள். 300 பாகை செல்சியஸ் தாண்டும்வரை காந்தமாக இருக்கும். கைபேசியின் ஒலிபெருக்கி, கணினியின் வன்தட்டு, மின்சாரக் காரின் மோட்டர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்குப் பொருத்தும் கருவியின் வெளிப்பகுதியைத் தலையோடு பிடித்து வைத்திருப்பதும் அப்படியொரு காந்தம்தான்.

விளையாட்டுச் சாமானிலும் இருக்கிறது. ஒரு பிற்பகல் நாலு வயதுப் பையன் ஒருவனின் வயிற்று எக்ஸ்ரே என் மேசைக்கு வந்தது. நாலு நாளாக வயிற்றுவலி, வாந்தி. பூச்சி என்று நினைத்து வீட்டில் பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள். படத்தில் பாசிமணி மாலைபோல ஆறு உருண்டைகள் வரிசையாக நின்றன. திருவிழாக் கடையில் வாங்கிய காந்த மணிகள். ஒரே ஒரு மணியை விழுங்கினால் பெரும்பாலும் அது தானாகப் போய்விடும். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் மற்றொரு மடிப்பில் ஒன்றும் நின்று, நடுவில் குடற்சுவரை நசுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். இரத்த ஓட்டம் நின்று குடல் ஓட்டையாகும். வெளியே பார்த்தால் பிள்ளை முதல் நாளில் ஓடி விளையாடும். அந்தப் பையனுக்குச் சத்திரசிகிச்சையில் ஆறையும் எடுத்தார்கள். இரண்டு இடத்தில் குடல் துளைத்திருந்தது. பிழைத்துவிட்டான். அவனுடைய அம்மா என்னிடம், "சின்ன மணிதானே டாக்டர், காந்தம் இவ்வளவு செய்யுமா?" என்று கேட்டார். நாங்கள் பள்ளியில் கண்ட குதிரைலாடக் காந்தம் இவ்வளவு செய்யாது. இது செய்யும். ஆகவே சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மணிகள் வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், காந்தம் என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எக்ஸ்ரேயில் அது வெறும் உலோக மணியாகத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. அறைப்பக்கம் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது.

அதிபர் அவர்கள் காலையில் ஆய்வுகூடத்தைக் காட்டினார். கூரை இப்போது ஒழுகவில்லை, 1985ஆம் ஆண்டுப் பிரிவு அக்காமார் செய்து தந்தது. அந்த அட்டவணை இல்லை, புதியது இருக்கிறது. அந்த இரண்டு வரிசை இன்னும் வெளியேதான். ஆனால் பௌதிகவியலுக்குக் கடந்த இரண்டு தவணையாக ஆசிரியர் இல்லை. ஆறு பேராக இருந்த விஞ்ஞானப் பிரிவு இருபத்தொரு பேராக வளர்ந்திருக்கும் நேரத்தில் இப்படி. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் நம்மவர்களில் பௌதிகவியல் படித்தவர்கள் எத்தனை பேர் என்று சங்கத்துக்குத் தெரியும். நிரந்தர நியமனம் வரும்வரை சனிக்கிழமைகளில் ஸூம் வழியாக ஒரு மணி நேரம் தருவீர்களா? பெயர் கொடுக்க வேண்டிய தாள் மண்டப வாசலில் இருக்கிறது. என் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறேன். நான் மறந்துபோன பௌதிகவியலை இந்தப் பிள்ளைகளுக்கு முதல்நாள் இரவு படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பேன்.

கடைசியாக, ஆய்வுகூடத்துக்கு இரண்டு சாமான் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, ஒரு முழ நீளச் செப்புக் குழாய். மற்றது, இந்தப் பெட்டியில் பத்து நியோடிமியக் காந்தங்கள். செப்பில் காந்தம் ஒட்டாது, இதோ பாருங்கள், ஒட்டவில்லை. இப்போது காந்தத்தைக் குழாய்க்குள் போடுகிறேன். தங்கச்சி, நீங்கள் கீழே கையை வையுங்கள். எண்ணுங்கள்... ஒன்று... இரண்டு... மூன்று... இன்னும் வரவில்லை பார்த்தீர்களா? ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. டீச்சரிடமும் கேட்கவேண்டாம், அவருக்கு இன்றைக்கு ஓய்வு. படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

டீச்சர், பெட்டியை உங்கள் கையில் தருகிறேன். பத்து இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு அதிபரிடம் கொடுங்கள். தவணை முடிவிலும் பத்து இருக்க வேண்டும்.